அவர் வீட்டில்தான் இருந்தார், நான் அவருக்காகக் காத்திருந்தேன்

11 பிப்ரவரி 2023 – ஒரு வாசகர் கேட்டது

என் மனைவிக்கு வயது 41. பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. வருகிறவர்கள் எல்லாரும் "நீ உன் வாழ்க்கையையும் பார்த்துக்கணும்" என்கிறார்கள். போன வாரம் பழையபடி பேட்மிண்டன் ஆடப் போனேன். அரை மணி நேரம்கூட நிற்க முடியவில்லை, திரும்பிவிட்டேன். அவள் வீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும்போது நான் ஓடியாடுவதற்கு "வாழ்க்கையை மீட்டெடுப்பது" என்று பெயர் வைப்பதே துரோகம் என்று நினைக்கிறேன். ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவரும் கூடவே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

11 பிப்ரவரி, இரவு

இல்லை என்று நான் சொல்கிறேன் தம்பி. காரணம் ஒரே மூச்சில் வராது. எனக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுகிறேன்.

என் கணவருக்கு 2017-இல் வந்தது. அப்போது அவருக்கு 48, எனக்கு 44. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானோடு வெகுநேரம் மல்லாடிக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். பதில் வந்தது, ஆனால் அது வார்த்தை இல்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். மூன்று மணி நேரம் கதவைச் சாத்தி, சத்தம் போடாமல் நடந்தேன்.

மருத்துவமனையில் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வீடு, வழி, ஸ்கேன் என்று நாங்கள் அந்த நேரத்தைத் தாண்டிவிட்டோம்.

அப்புறம் ஒரு நாள் எங்கோ படித்தேன். பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு, சிகிச்சை இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூளையில் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றனவாம். படித்தவுடன் பெருக்கிப் பார்த்தேன். 180 நிமிடம், 34 கோடியே 20 லட்சம். நான் கதவைச் சாத்தியதற்கு அதுதான் கணக்கு. இரண்டு வருடம் அந்த எண்ணோடு எழுந்து அந்த எண்ணோடு படுத்தேன். நீங்கள் சொல்கிற "கூடவே உட்கார்ந்துவிடுவதை" நான் செய்து பார்த்தவள். அதனால்தான் இல்லை என்கிறேன்.

12 பிப்ரவரி, காலை

நேற்று விட்டுப்போனது. இதைப் படிப்பவர் யாராயிருந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது. இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் படுக்க வைக்காதீர்கள், கிளம்புங்கள். நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம். 2018-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேன் பொருத்தமாக இருக்கும் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியைக் குழாய் வழியாக வெளியே இழுத்துவிடுகிறார்கள்.

எங்களுக்கு நடந்தது 2017. அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன், முழுதாக இல்லை.

15 பிப்ரவரி

"உங்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லையே, ஏன் இந்த வேகம்?" என்று தம்பி கேட்டிருக்கிறார். வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்வியை என்னிடமே நான் கேட்டுக்கொண்ட வருடங்கள் இருந்தன.

முதல் இரண்டு வருடம் நான் செய்தது ஒரே வேலை: காத்திருந்தேன். குளிப்பாட்டினேன், பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனேன், மருந்து நேரம் தவறவில்லை. ஆனால் உள்ளே, வாசல் பக்கம் காது வைத்திருப்பது போல ஒரு நிலை. அவர் வெளியூர் போயிருக்கிறார், வந்துவிடுவார், வந்ததும் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று. அவர் அதே அறையில், அதே கட்டிலில் இருந்தார்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்த நாளில் நான் அழுதேன். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பேசினார். கணவன் இறந்தானா இருக்கிறானா என்று தெரியாது. அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். அதில் இரண்டு வகை சொல்கிறார். உடல் இல்லை, ஆனால் ஆள் மனசில் இருக்கிறார் என்பது ஒன்று. உடல் எதிரே இருக்கிறது, நமக்குத் தெரிந்த அந்த ஆள் இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதைப் படித்தபோது யாரோ என் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியது போல இருந்தது.

இறந்துபோனால் ஊரே வந்து உட்கார்ந்து அழும். இதற்கு யாரும் அழ விடமாட்டார்கள். "உயிர் பிழைச்சாரே, அதை நினைச்சுக்கோ" என்பார்கள். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நினைத்துக்கொண்டே இழந்ததற்கும் அழ வேண்டியிருக்கிறது.

16 பிப்ரவரி

ஒரு திருத்தம். "நமக்குத் தெரிந்த அந்த ஆள் இல்லை" என்று நேற்று எழுதினேனே, மறதி நோய்க்கு அது பொருந்தலாம். என் கணவருக்கு அப்படியே பொருந்தாது. அவர் இருந்தார். எனக்குத்தான் அவரிடம் போகும் வழி தெரியவில்லை. இரண்டும் ஒன்றில்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

23 பிப்ரவரி

பேச்சைப் பற்றி எழுதச் சொல்லி இருவர் கேட்டார்கள். இது நீளும்.

அவருக்கு வந்ததன் பெயர் அஃபேசியா, பேச்சிழப்பு. பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடிபட்டால் வலது கைகாலோடு பேச்சும் போகும். 1861-இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். அந்த மனிதரால் "டான்" என்ற ஒரே ஒலியைத்தான் சொல்ல முடிந்தது. என்ன கேட்டாலும் "டான், டான்". அவர் இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்து, இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைப் புரோக்கா காட்டினார்.

என் கணவருக்கு மிஞ்சியது "நாளைக்கு".

ஏன் அந்த வார்த்தை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்று காலை பேச நினைத்த கடைசி வாக்கியத்தில் அது இருந்ததோ என்னவோ. பெயர் என்ன? நாளைக்கு. வலிக்கிறதா? நாளைக்கு. மருத்துவர் "எந்த வருடம் கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டபோது "நாளைக்கு" என்றார். சொன்னபின் அவரே அதைக் கேட்டுத் திகைத்து, என்னைப் பார்த்து, விழுந்துவிழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நோய் வந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அது. கல்யாணம் நாளைக்கு என்றால் இன்றைக்கு நிச்சயம் பண்ணிவிடலாம் என்று நான் சொன்னது அவருக்கு முழுசாகப் புரிந்தது. இடது கையால் தலையில் அடித்துக்கொண்டார்.

அதைத்தான் சொல்ல வருகிறேன். புரிகிறது. அறிவு போகவில்லை, நினைவு போகவில்லை, நகைச்சுவை போகவில்லை. வார்த்தையை எடுக்கும் கைதான் போயிருக்கிறது. (எல்லாருக்கும் இப்படி இல்லை. சிலருக்குப் பேச்சு சரளமாக வரும், அர்த்தம் இருக்காது, கேட்பதும் புரியாது. அது வேறு வகை, 1874-இல் வெர்னிக்கே விவரித்தது.)

இந்த ஒரு வார்த்தையில் அவர் எத்தனை பேசினார்! கோபமான நாளைக்கு, கெஞ்சும் நாளைக்கு, "விளக்கை அணை"க்கான நாளைக்கு. மகளைப் பார்த்ததும் வரும் நாளைக்கு கடைசி எழுத்தில் மேலே போகும். ஆறே மாதத்தில் நான் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று. கேட்ட பதிலைச் சொல்ல முடியாதவர் ஒன்று முதல் பத்து வரை கடகடவென்று எண்ணுவார். கிழமைகள் வரிசையாக வரும். பழைய பாட்டு முழுதும் வரும், வார்த்தை பிசகாமல். முதல் தடவை அவர் பாடியபோது பேச்சு வந்துவிட்டது என்று ஓடிப்போய் எல்லாருக்கும் போன் செய்தேன். வரவில்லை. தானாக வரும் பேச்சு வேறு, நினைத்து எடுக்கும் பேச்சு வேறு. அந்த இரவு என்னால் மறக்க முடியாதது.

24 பிப்ரவரி

பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை, எங்கள் வீட்டு அனுபவத்தில்:

அவர் செவிடர் இல்லை, கத்த வேண்டாம். குழந்தையும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக. கேட்டுவிட்டுக் காத்திருங்கள், பத்து விநாடி. பத்து விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று அதில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அவர் எதிரிலேயே என்னிடம் "அவருக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள். அவரிடம் கேளுங்கள்.

நண்பர்கள் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். கெட்டவர்கள் இல்லை. பேச முடியாதவரோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரே ஒருவர் மட்டும் ஒவ்வொரு வாரமும் வந்து, எதுவும் பேசாமல் அவரோடு சதுரங்கம் ஆடிவிட்டுப் போவார். முதல் ஆட்டத்திலேயே என் கணவர் ஜெயித்தார். அந்த மனிதர் தோற்ற முகத்தோடு "டேய், நீ நடிக்கிறே" என்றார். அதைவிடப் பெரிய மரியாதையை அந்த வருடம் யாரும் அவருக்குச் செய்யவில்லை.

9 மார்ச்

இரவு நேரம். தம்பி, உங்கள் மனைவியைத் தூக்கும்போது வலது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்காதீர்கள். நான் தூக்கினேன். செயலிழந்த தோளில் தசை பிடிப்பே இருக்காது, மூட்டு கீழே நழுவிவிடும். ஒன்பது வாரம் வலியில் துடித்தார். சொல்ல வார்த்தை இல்லாமல் துடித்தார். பிசியோதெரபிஸ்ட் சொன்னபோதுதான் காரணம் நான் என்று தெரிந்தது. இடுப்பில் பெல்ட் கட்டித் தூக்கும் முறையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். புண் வந்தபின் ஆற்றுவதைவிட இரவில் எழுந்திருப்பது எளிது.

10 மார்ச்

இன்று செய்தியில் யாரோ பரிசு வாங்குவதைப் பார்த்து அவர் தேம்பித்தேம்பி அழுதார். முன்பெல்லாம் நான் கூடவே உடைந்துபோவேன். இது எப்போதும் துக்கம் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுப்பாடு இல்லாமல் பீறிட்டு வரும். இரண்டு நிமிடத்தில் துடைத்துக்கொண்டு அடுத்த செய்தி பார்த்தார்.

உண்மையான மனச்சோர்வு வேறு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. தூக்கம் போகிறது, பயிற்சி வேண்டாம் என்கிறார், சுவரைப் பார்க்கிறார் என்றால் "மனசு விட்டுட்டார்" என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

2 ஏப்ரல்

காகித வேலை. யாரும் எச்சரிக்காத விஷயம்.

கணக்கு வழக்கு எல்லாம் அவர் பார்த்தார். கடவுச்சொல் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அங்கேயே இருக்கிறது, வெளியே எடுக்க முடியவில்லை. வலது கைக் கையெழுத்து போய்விட்டது. இடது கையால் போட்டதை வங்கியில் "பொருந்தவில்லை" என்றார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் என்னிடம், "இவருக்கு விவரம் புரியுமா?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார். என் கணவர் இடது கையால் பேனாவை எடுத்து, அந்தப் படிவத்தில் அச்சாகியிருந்த ஒரு கூட்டல் பிழையை வட்டமிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அங்கே குரல் இறங்கியது.

சேர்த்து எழுதிய கணக்கு, யாருக்கு என்ன அதிகாரம் என்ற எழுத்து, எங்கே எது இருக்கிறது என்ற ஒரு நோட்டு. இருவரும் நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை. 44 வயதில் நான் வருமான வரிப் படிவம் நிரப்பக் கற்றேன். முதலில் அவர் மேல் கோபமாக வந்தது. பேச முடியாத மனிதர் மேல் கோபப்பட்டுவிட்டு, குளியலறைக்குப் போய் அழுதிருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் கணக்கு முடித்து அவரிடம் நீட்டினேன். வரிவரியாகப் பார்த்து, தலையாட்டி, "நாளைக்கு" என்றார். அது நன்று என்பதற்கான நாளைக்கு. எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாழ்க்கையில் புதிதாக ஒன்று கட்டப்படுகிறது என்று முதன்முதலில் தோன்றியது அன்றுதான். அவரை விட்டு விலகி எங்கோ போய் இல்லை, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு.

19 ஏப்ரல்

தம்பி நேரடியாகக் கேட்கிறார்: "உங்களைக் கவனித்துக்கொள்வதற்கு எப்படி மனசு வந்தது?"

மனசு வரவில்லை, பயம் வந்தது. 1999-இல் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணையைக் கவனித்துக்கொண்டு, அதனால் நெருக்கடியில் இருப்பவர்கள் நாலு வருடத்துக்குள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்றார்கள். அதைப் படித்த மாதம் என் ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நான் போய்விட்டால் இவர் "நாளைக்கு" என்பதை யார் படிப்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் முதல் காலையில் நாற்பது நிமிடம் நடக்க ஆரம்பித்தேன். கடமைக்காகத்தான் தொடங்கினேன்.

21 ஏப்ரல்

63 சதவீதத்தைப் போட்டு உங்களைப் பயமுறுத்திவிட்டேன் போலிருக்கிறது. முழுதும் சொல்லாதது என் தப்பு.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் 66 வயதும் அதற்கு மேலும். கவனித்துக்கொண்டிருந்தாலும் நெருக்கடி இல்லை என்றவர்களுக்கு அபாயம் கூடவில்லை. 2013-இல் ராத் என்பவரும் குழுவினரும் 3,503 பராமரிப்பாளர்களை அதே அளவு மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆறு வருடத்தில் பராமரிப்பாளர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாக இருந்தது. ஆக, கொல்வது பராமரிப்பு இல்லை. மூச்சுவிட இடமில்லாமல், தனியாக, உதவி கேட்காமல் செய்வது இருக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பேட்மிண்டன் அரை மணி நேரத்தை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

21 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

நடையைப் பற்றி முடிக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள் நடந்து திரும்பும்போது நான் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தேன். வாசலில் அவர் கேட்டுவிட்டார். சட்டென்று நிறுத்தினேன், திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. அவர் அடுத்த வரியைப் பாடினார்.

14 மே

மகளைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அப்போது அவளுக்கு 15. நான் அவளை இரண்டாவது நர்ஸாக ஆக்கிவிட்டேன். கேட்காமலே செய்தாள், அதனால் நான் கவனிக்கவில்லை. தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதை நிறுத்தினாள். ஒரு நாள் பள்ளியில் எழுதிய கட்டுரை ஒன்று கிடைத்தது. "என் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை" என்று அதில் இருந்தது. நான் உட்கார்ந்த இடத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள் தம்பி. ஒருவர் விழுந்தால் மற்றவரும் உட்கார வேண்டும் என்றீர்களே, அந்த வரிசை நம்மோடு நிற்பதில்லை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்பாவைப் பார்த்துக்கிறது கஷ்டம் இல்லம்மா, உன்னைப் பார்க்கிறதுதான் கஷ்டம்" என்றாள்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை.

8 ஜூன்

ஒரு சகோதரி தாம்பத்தியம் பற்றித் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன், பலருக்கும் இருக்கும் கேள்வி.

ஆமாம், அதுவும் நின்றுபோனது. உடம்பைத் துடைத்து, டயப்பர் மாற்றி, மருந்து பூசிய கை எந்த நேரத்தில் மறுபடி மனைவியின் கையாக மாறுவது? முதலில் பயம்: இன்னொரு தடவை வந்துவிடுமோ என்று. நிலைமை சீரானபிறகு பெரும்பாலானவர்களுக்கு அதில் தனி ஆபத்து இல்லை என்று மருத்துவர் சொன்னார். கேட்க எனக்கு ஒரு வருடம் ஆனது, பதில் அரை நிமிடத்தில் வந்தது. கேளுங்கள்.

பயம் போனாலும் அந்த நர்ஸ் போகவில்லை. நான் எப்போதும் எதையாவது திருத்திக்கொண்டே இருந்தேன். உட்காரும் விதம், விரலை மடக்கும் விதம், உச்சரிப்பு. ஒரு மாலை "ஜன்னல், சொல்லுங்க, ஜன்..." என்று நான் உயிரை வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் என் வாயில் கை வைத்தார். கோபம் இல்லை. களைப்பு. அப்புறம் அந்தக் கையை எடுக்காமல் கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

அன்று ஒரு விதி வைத்தோம். இரவு எட்டு மணிக்கு மேல் பயிற்சி கிடையாது, திருத்தம் கிடையாது. அவர் எப்படி உட்கார்ந்தாலும் சரி, எந்த வார்த்தை வந்தாலும் சரி. முடிந்த நாட்களில் எட்டு மணிக்கு முன் செய்யும் சில வேலைகளுக்கு உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டேன். பணம் நெருக்கடிதான், ஆனாலும் அந்த வேலைகள் என் கையை விட்டுப் போக வேண்டியிருந்தது. சில மாதங்கள் கழித்து எட்டு மணிக்காக நான் காலையிலிருந்தே எதிர்பார்த்திருப்பதைக் கவனித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அவர் என் கணவர்.

3 ஆகஸ்ட்

முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். காத்திருந்ததை வீண் என்பது போல எழுதியிருக்கிறேன். அது முழுதும் சரியில்லை.

காத்திருந்ததால்தான் பயிற்சியை விடவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு வருவது ஒன்றும் இல்லை என்று எங்களிடம் ஒருவர் கையை விரித்தார். முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் தேறுவார்கள், அது உண்மை. கதவு அதோடு மூடுவதில்லை. 2017-இல் லான்செட் இதழில் வந்த ஜெர்மன் ஆய்வு ஒன்றில், பேச்சிழப்பு வந்து ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு மூன்று வாரம், வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது தீவிரப் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். பலன் இருந்தது. பாட்டின் வழியே பேச்சைக் கொண்டுவரும் ஒரு முறையும் இருக்கிறது, 1973-இல் பாஸ்டனில் உருவானது. சொல்ல வேண்டியதை ராகமாக இழுத்து, இடது கையால் தாளம் தட்ட வேண்டும். எல்லாருக்கும் வேலை செய்வதில்லை. இவருக்குக் கொஞ்சம் செய்தது. ஐந்தாவது வருடம் என் பெயர் வந்தது. இரண்டு எழுத்து ராகத்தில், மூன்றாவது எழுத்து சும்மா.

அதனால் இப்படித் திருத்துகிறேன்: நான் காத்திருந்தது தப்பில்லை. கூடவே மற்ற எல்லாவற்றையும் நாளைக்கு என்று தள்ளிவைத்தேன், அதுதான். இந்த வார்த்தை அவர் வாயில் இருந்தது, நான் அதன்படி வாழ்ந்துகொண்டிருந்தேன்.

19 லட்சம் கணக்கையும் திருத்த வேண்டும். நான் சொன்னதைக் கேட்ட நரம்பியல் மருத்துவர், அது பலருடைய சராசரி, ஒருவருக்கு வேகமாகவும் இன்னொருவருக்கு மெதுவாகவும் நடக்கும் என்றார். அதோடு, "நீங்கள் பெருக்கிக்கொண்டிருந்த எண்ணை அவர் ஒரு நாளாவது உங்களிடம் கேட்டாரா?" என்றார். இல்லை. நான்தான் ஒரு இரவு, எட்டு மணிக்கு மேல், அவரிடம் சொன்னேன். படுக்க வைத்தது நான், கதவைச் சாத்தியது நான் என்று. அவர் வெகுநேரம் வார்த்தை தேடினார். பத்து விநாடி இல்லை, ஒரு நிமிடம் இருக்கும். கடைசியில் கதவைக் காட்டி, சாத்துவது போலக் கையசைத்து, தூங்குவது போலக் கன்னத்தில் கை வைத்து, "நல்ல" என்றார். நான் அவருக்குத் தூக்கம் கொடுக்கத்தான் சாத்தினேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

17 செப்டம்பர்

தம்பியின் குறிப்பைப் பார்த்தேன். வாரம் இரண்டு நாள் ஆடுகிறாராம். போகும்போது மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம், அதனால் மறுபடி நிறுத்தலாமா என்று கேட்கிறார்.

என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, அவர் முகத்தை உங்களால்தான் படிக்க முடியும். கோபமாக இருக்கலாம். அவருக்கும் ஆட ஆசையாக இருக்கலாம். கேளுங்கள், ஆமாம் இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி, ஒவ்வொன்றாக. ஒரு தடவை அவரையும் வீல்சேரில் கூட்டிப்போய் ஓரத்தில் உட்கார வையுங்களேன். புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். எண்கள் வரிசையாக வரும் என்றேனே, நினைவிருக்கிறதா.

25 செப்டம்பர்

எண்ணினாராம்! இருபத்தொன்று வரைக்கும்! இவரிடம் படித்துக் காட்டினேன். இடது கையை உயர்த்தி, "இன்னொரு" என்றார். இன்னொரு ஆட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சகோதரியிடம் சொல்லுங்கள்.

12 நவம்பர்

நெடுநாள் எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், அரை நாள், கணக்கு எழுதும் வேலை. அவரிடம் கற்றதை வைத்துத்தான். முதல் நாள் கிளம்பும்போது கால் வரவில்லை. இத்தனை எழுதியவளுக்கும் வரவில்லை தம்பி, பழைய பயம் அப்படியே வந்து நின்றது. அவர் நாற்காலியில் இருந்தபடி என் பையை எடுத்து நீட்டினார். "போ" என்றார். தெளிவாக.

திரும்பி வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். வாசலில் காது வைத்துக் காத்திருந்தபோது, அவர் வந்ததும் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று சேர்த்து வைத்தது இந்த மாதிரிப் பேச்சைத்தான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தார்.

இன்று ஞாயிறு, காலை நடைக்கு இருவரும் போகிறோம். நாற்பது நிமிடத்தில் நான் போகும் தூரத்தில் கால் பங்குதான் போவோம். வலது காலில் பட்டையை அவரே மாட்டிவிட்டார், ஊன்றுகோலோடு வாசலில் நிற்கிறார். "நாளைக்கு எழுதிக்கலாம்" என்கிற மாதிரி ஒரு நாளைக்கு சொல்கிறார். இது கொஞ்சம் அவசரமான நாளைக்கு. வருகிறேன்.